கரை திரும்பவில்லை

பொன்னுரங்கத்தின் செருப்பை மீனாட்சி வீட்டுக்குள் விடமாட்டார். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் அவர்கள் குடியிருந்த போர்ஷனின் வாசற்படியிலேயே அதைத் தட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கணவர் உள்ளே வர வேண்டும்.

"ஊர்ல இருக்கிற ரிப்போர்ட்டருங்க கோட்டைக்குப் போறாங்க, சபாவுக்குப் போறாங்க. எனக்கு வாய்ச்சவரு தெனம் மண்ணு கொண்டாந்து கொட்டுறாரு."

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு வரும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பார்ப்பவர்கள் பத்து வயது கூட்டித்தான் சொல்வார்கள்.

அவர் ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். அறுபத்தாறு புயலில் கப்பல்கள் மெரினா மணலில் தட்டி நின்றபோது ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. பத்திரிகையும் நன்றாக விற்றது. கடலுக்கென்று ஓர் ஆளைப் போட்டால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். அதுவரை கடற்கரைச் செய்தி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான். துறைமுகச் சுவரிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை பொன்னுரங்கத்தின் தலையில் விழுந்தது.

காலையில் சைக்கிளை மிதித்து நொச்சிக்குப்பம் போவார். விடியுமுன் போன கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறும். எது வந்தது, எது வரவில்லை என்று விசாரிப்பார். உச்சி வேளைக்குள் சாந்தோமில் பீர் முஹம்மதுவின் மளிகைக் கடைக்குப் போய், அங்கிருக்கும் டெலிபோனில் ஆபீஸுக்குச் செய்தி சொல்ல வேண்டும். லைன் எப்போதும் இரையும். கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"சார், நீங்க கத்துற கத்துக்குப் போனே வாணாம்," என்பார் பீர் முஹம்மது. "வாசல்ல நின்னு சொன்னாலே மவுண்ட் ரோடு வரைக்கும் கேக்கும்."

பொன்னுரங்கத்தின் மகள் சொல்லித்தான் இந்தக் கதையில் பாதி எனக்குத் தெரியும். வருஷங்கள் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். இத்தனை தூரத்திலிருந்து சரிபார்க்க எனக்கு வேறு வழியில்லை.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் ஒரு கட்டுமரம் வரவில்லை. அலை கடுமையாக இருந்தது. போலீஸ்காரர் "போயிருப்பான்" என்றார். பொன்னுரங்கமும் அதையே போனில் கத்தினார். மாலையில் "மீனவர் கடலில் மூழ்கி பலி" என்று வந்தது. குப்பத்தில் யாரோ வாசிக்க, எல்லோரும் கேட்டார்கள். இருட்டுவதற்குள் அந்த ஆளின் மனைவிக்கு வளையல் உடைத்துத் தாலி அறுத்தார்கள்.

மறுநாள் மதியம் அவன் கோவளத்திலிருந்து ஒரு லாரியில் ஏறி வந்து இறங்கினான்.

தாலியை மறுபடி கட்டினார்கள். ஆனால் ஒரு தரம் அறுத்த கழுத்து என்று அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவளை முன்னால் நிற்கவிடவில்லை. பொன்னுரங்கம் அடிவாங்கத் தயாராகத்தான் குப்பத்துக்குப் போனார். அடிக்கவில்லை. ஊர்ப் பெரியவரான நாட்டார் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"ஒருவாட்டி தப்பு பண்ணவன் மறுவாட்டி பண்ணமாட்டான். இனிமே ஒண்ணு, பொணம் வரணும். இல்லியா, பேப்பர் நைனா எய்தணும். அதுவரிக்கும் எவளும் வளையல ஒடைக்கக் கூடாது."

அடித்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து கண்ணால் காணாமல் பொன்னுரங்கம் யாரையும் சாகடித்ததில்லை. "கரை திரும்பவில்லை" என்றுதான் எழுதுவார். ஆபீஸில் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. படியேறி வந்தால், "என்ன, கரை திரும்பியாச்சா?" என்பார் உதவி ஆசிரியர் கணேசமூர்த்தி. மற்றப் பத்திரிகைகள் "பலி" என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. குப்பம் அவற்றை நம்பவில்லை. பெரும்பாலும் இரண்டொரு நாளில் ஆளோ உடலோ வந்துவிடும். அதனால் அவர் தப்பித்துக்கொண்டிருந்தார்.

எழுபத்து மூன்று ஐப்பசியில் சின்னப்பையன் என்பவன் தனியாகக் கடலுக்குப் போனான். கட்டுமரம் மட்டும் நீலாங்கரைப் பக்கம் ஒதுங்கியது. ஆள் இல்லை. தீபாவளி போனது, கார்த்திகை போனது. உடல் வரவில்லை.

குப்பத்தில் ஒரு வழக்கம். ஊர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலையில், செத்தவன் வீட்டுக்கு ஒரு பங்கு மீன் போகும். காணாமல் போனவன் வீட்டுக்குப் போகாது, அவன்தான் வருவானே. சின்னப்பையனின் மனைவி முத்தம்மா மார்கழி பிறந்ததும் பீர் முஹம்மது கடை வாசலில் வந்து நின்றாள்.

"நைனா, எய்திடு."

"இன்னான்னு?"

"செத்துட்டான்னு."

"நீ பாத்தியாம்மா?"

"உசுரோட கீறான்னு நீ பாத்தியா? புள்ளைங்க ரெண்டும் கஞ்சிக்கு எதுத்தூட்டு வாசல்ல போய் நிக்குதுங்க. அவன் கீறான்னா எனக்குப் பங்கு இல்ல. பூட்டான்னா உண்டு. நீ ரெண்டும் சொல்லாம சும்மா வந்துகினு போய்க்கினு கீற."

பொன்னுரங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வீடு திரும்பியபோது, கவிழ்த்து வைக்கும் செருப்புக்குப் பக்கத்தில் சின்னப்பையனின் தாய் சுப்பம்மா உட்கார்ந்திருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"கடலே அவனைக் கொல்லல நைனா. நீ கொன்னுடாத."

மீனாட்சி அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அன்று மண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் கேட்டார்.

"உங்களை யாரு எமன் வேலைக்குப் போகச் சொன்னது?"

"எமனுக்காவது எழுதிக்க சித்திரகுப்தன் இருக்கான். எனக்குக் கணேசமூர்த்திதான்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்; சாப்பிடவில்லை.

அடுத்து வந்த நாள் காலையில் சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த முத்தம்மாவின் எதிரில் போய்க் குந்தினார்.

"நான் பாக்கல. அதனால நான் எழுதமாட்டேன். ஆனா நீ சொன்னா, நீ சொன்னதா எழுதறேன். உன் பேரு போட்டுத்தான் வரும். நாட்டார் வாசிப்பாரு, உன் மாமியா கேப்பா. உன் வாயால சொல்லு."

எழுது எழுது என்று கேட்டவளுக்கு இது வரவில்லை. ஒரு சங்கரா மீனை எடுத்து வாலிலிருந்து தலைவரை செதில் சுரண்டினாள். வாங்க வந்தவர் விலை கேட்டார். அவள் பதில் சொல்லாததால் அடுத்த கூடைக்குப் போய்விட்டார். சுரண்டிய மீனையே மறுபடி சுரண்டினாள்.

"அவன் இனிமே வரமாட்டான்," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

பொன்னுரங்கம் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

போனில் வழக்கம்போல் இரைச்சல். மறுமுனையில் கணேசமூர்த்தி.

"பாடி கெடைச்சுதா?"

"இல்ல."

"அப்போ யாரு சொல்றது?"

"சம்சாரம் சொல்லுது. எழுதிக்குங்க. 'மீனவர் சின்னப்பையன் இனிக் கரை திரும்பமாட்டார் என்று அவருடைய மனைவி முத்தம்மாள் கூறினார்.'"

"பலின்னு தலைப்பு வெச்சிடட்டுமா?"

"வேணாம். சொன்னதை அப்படியே போடுங்க. ஒரு நாளைக்காவது."

பீர் முஹம்மது அன்று கேலி பேசவில்லை. ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மாலையில் நாட்டார் வீட்டு வாசலில் பத்திரிகையை வாசித்தார்கள். முத்தம்மாவுக்கு வளையல் உடைத்தார்கள். மறுநாள் பெரிய வலையில் அவள் வீட்டுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். பேப்பரில் வந்தாகிவிட்டது; பங்குக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கரையில் சுப்பம்மா அவருக்காகக் காத்திருந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் பொன்னுரங்கம் சைக்கிளை நிறுத்தினார்.

"அவ சொன்னான்னுதானே போட்டுக்கீற?"

"ஆமா."

"நீ சொல்லல இல்ல?"

"நான் சொல்லலம்மா."

"அது போதும்," என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

பொங்கல் கழித்து அவரைக் கோட்டைச் செய்திக்கு மாற்றுவதாக ஆபீஸில் சொன்னார்கள். மீனாட்சி புதுச் செருப்பு வாங்கச் சொன்னார். ஏனோ அவர் கோட்டைக்குப் போகவில்லை. எழுபதுகளின் கடைசி வரை அதே சைக்கிள், அதே மணல். காற்று மாறி ஐப்பசி வரும்போதெல்லாம் சுப்பம்மா கரையில் அவரை நிறுத்திக் கேட்பாள்.

"நீ இன்னும் எய்தலியே நைனா?"

"எழுதலம்மா."

கேட்டுக்கொண்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போவாள். அவர் வரவேண்டிய கட்டுமரங்களைப் பார்த்தபடி, மடக்கிய படகுப் பாய் ஒன்றின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வார்.