அண்ணனிடம் இல்லாத நொதி

பதினைந்து வயதிலேயே அண்ணனின் முகமெல்லாம் கரும்புள்ளிகள். திருவொற்றியூர்க் குப்பத்தில் அப்பாவோடு ஃபைபர் படகில் போகிறவனுக்குத் தோல் கறுப்பதை யாரும் நோயென்று நினைக்கவில்லை. இருபது தாண்டியதும் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. மஞ்சள் வைத்தோம், களிம்பு போட்டோம்; ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அடுத்த வருடம் மூக்கோரத்தில் இன்னொன்று. பிறகு கண்ணிமைக்குக் கீழே.

நான் அப்போது உயிர்வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தோல் மருத்துவர் அம்மாவிடம், "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். மருத்துவர் எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிகளில் ஒன்று அண்ணனுக்கு வேலை செய்யவில்லை என்று முடிவு வந்தது. அதைச் செய்யும் மரபணு, அப்பா வழி வந்ததும் அம்மா வழி வந்ததும், இரண்டுமே பழுது. எனக்கு ஒன்றுதான் பழுது. அதனால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "எனக்குப் புரியற மாரி சொல்லு. இன்னாதான் கீது எனக்கு?"

அம்மா பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"செல்லு ரெண்டா பிரியறதுக்கு மின்னாடி, உள்ள கீற டி.என்.ஏ.வைப் பாத்து அதே மாரி இன்னொண்ணு செய்யணும்ணா. அதுக்கு நாலு வகைத் துண்டு செல்லுக்குள்ளயே கீது. எதுக்கு எது ஜோடின்னு பாத்து ஒண்ணொண்ணா எடுத்துக் கோக்கறதுதான் பாலிமரேஸ். வெயிலு பட்டா டி.என்.ஏ.ல பக்கத்துப் பக்கத்துத் துண்டு ரெண்டு ஒட்டிக்கும். வழக்கமா கோக்கறது அங்க நின்னுடும். அந்த எடத்துல மட்டும் வந்து, சரியான துண்டைப் போட்டுத் தாண்டிப்போக வேற ஒரு பாலிமரேஸ் கீது. அதுதான் உனக்கு இல்ல."

"அப்போ யாரு தாண்டுவா?"

"இன்னொண்ணு வரும். தப்பான துண்டைப் போட்டுட்டுப் போயிடும்."

"அந்தத் தப்புதான் இந்தப் புண்ணா?"

"தப்பு சேர சேர... ஆமாண்ணா."

அவன் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டான். "வெயிலு இல்லாத கடலு எங்க கீது?" என்றான்.

அந்த வாரமே படகை விட்டான். சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்கு ஒன்றில் எடை போடும் வேலை, கூரைக்குக் கீழேயே என்றான். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு போய்வந்தான். ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெல்டிங் வைக்கிறவனுக்குப் பக்கத்தில் குந்தி, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். துண்டு தோளில் கிடந்தது. நீல வெளிச்சம் முழுக்க முகத்தில்.

கத்திவிட்டேன்.

"ஷெட்டுக்குள்ளதானே கீறேன்? வெயிலு எங்க கீது?"

வெயிலில் இருக்கிற அதே கதிர் அந்த வெளிச்சத்திலும் உண்டு என்றேன். "எடை போடற வேலை ஒரு வாரத்துல போச்சு. வூட்ல குந்திகினு இன்னா பண்ணச் சொல்ற?" என்று சாப்பாட்டை வாங்கிக்கொண்டான்.

அதற்குள் கழுத்தில் கட்டி வந்திருந்தது. ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டி அவனை உள்ளேயே வைத்திருந்தோம். நுரையீரலுக்குப் பரவியபின் மருத்துவமனையில் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போனது தான்தானே என்று அப்பா பேச்சையே நிறுத்திக்கொண்டார். மழை பெய்த ஒரு பகலில் அண்ணன் தார்ப்பாயை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். மறுநாள் போய்விட்டான்.

காரியம் முடிந்து சில மாதம் கழித்து அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். அம்மா அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவள் இல்லை.

"வேணாண்ணா" என்றாள். "எம் பொண்ணுகிட்ட ஒண்ணு பழுதா கீது. உம் புள்ளைகிட்டயும் இருக்கலாம். இன்னொரு தபா பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

மாமா டீயைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.