துப்பாக்கிக் கட்டையில் குங்குமம்

பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கமாட்டேன். அப்படிப்பட்டவன் தாளில் மட்டும் பேச வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று நான் நேரில் சொன்னது ஒரு வரி. மிச்சம் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

தாராவியில் என் மனைவியின் அண்ணன் பர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே மரத்துக்கு பாலிஷ் போடுவது என் வேலை. கட்டிலோ கதவோ, எது வந்தாலும் மச்சானுக்கு ஒரே நிறம்தான்: ரோஸ்வுட். மேலே முகம் தெரிகிற பளபளப்பு வேண்டும். வந்தவர் வேறு நிறம் கேட்டாலும், பேசிப் பேசியே அதற்குக் கொண்டுவந்துவிடுவார்.

என் மகள் மாட்டுங்காவில் ஏர் ரைஃபிள் சுடப் பழகுகிறாள். அங்கே மூத்த பெண் ஒருத்தி பயன்படுத்திய ரைஃபிள் அவளுக்குக் கிடைத்தது. அதன் மரக்கட்டையில் யாரோ கெட்டியாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். குறி பார்க்கும்போது கன்னம் கட்டையில் பதிந்து அசையாமல் இருக்க வேண்டும். பம்பாய் வேர்வையில் அவள் கன்னம் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு, குறி விலகியது. துப்பாக்கியின் இரும்புப் பாகத்தைப் பயிற்சிக் கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டுக் கட்டையை மட்டும் பையில் போட்டு எடுத்துவந்தாள்.

“ப்பா, கலர் வேண்டாம், ஷைன் வேண்டாம். மரம் மரமாவே இருக்கணும். அடுத்த வாரம் செலக்‌ஷன். மாமாவ மட்டும் தொட விடாதீங்க.”

“விடமாட்டேன்” என்றேன்.

வார்னிஷை உரித்ததும், பால் கூடிப்போன டீயின் நிறத்தில் மரம் தெரிந்தது. நடுவே கறுப்பு ரேகைகள். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். காயவிட்டு மறுபடி தேய்த்தேன். மழைக்காலம் முடிந்தும் காற்றில் ஈரம் போகவில்லை. எண்ணெய் மெதுவாகத்தான் காய்ந்தது.

“என்னவே மாப்ளே, தோசைக்கல்லப் பழக்குதீரா?” என்றார் மச்சான். பட்டறை முழுக்கச் சிரித்தது.

“பிள்ளை இப்படித்தான் கேட்டா.”

“அவளுக்கு என்னவே தெரியும்? பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி, அதுக்கு மேக்கப் வேற வேண்டாமாம்! விறகுக்கட்டை மாதிரி என் பட்டறைல இருந்து வெளிய போனா எவன் என்னை மதிப்பான்? ரோஸ்வுட் அடியும்.”

கட்டையைப் பின்சுவர் ஆணியில் உயரமாக மாட்டினேன்.

ஆயுத பூஜை அன்று காலையில்தான் கடைசிப் பூச்சு போட்டிருந்தேன். சாயங்காலம் உளி, இழைப்புளி, ஸ்ப்ரே கன் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். “மச்சான், கட்டை மட்டும் வேண்டாம், எண்ணெய் காயலை” என்று முன்பே சொல்லியிருந்தேன். நான் வாசலில் செவ்வந்திச் சரம் கட்டிவிட்டுத் திரும்பினால், கட்டை சாமி படத்துக்கு முன்னால் நட்டநடுவில் கிடந்தது.

“இன்னைக்கு உண்மையான ஆயுதம் இதுதானவே” என்று மச்சான் சந்தனம் வைத்தார். எண்ணெயில் அது வழுக்கியது. உடனே குங்குமத்தை அள்ளிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், சரியாகக் கன்னம் படும் இடத்தில். விரலில் ஒட்டிய எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தெரியாமல் செய்திருந்தால் விரலைப் பார்த்திருப்பார். அவர் என்னைப் பார்த்தார்.

பூஜைக்கு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். “மாமா, யே க்யா கியா? என்ன பண்ணிட்டீங்க?”

“ஏளா, சாமி காரியம். பொட்டு வச்சா குறி தப்பாது.”

அவள் துப்பட்டாவால் துடைத்தாள். மேலே இருந்தது வந்தது. மரத்துக்குள் ஊறியது வரவில்லை.

“அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்குத? ரோஸ்வுட் அடிச்சா கறை மறைஞ்சிரும். நாளைக்கே ஸ்ப்ரே போட்டுத் தாரேன்” என்றார் மச்சான். ஆகக் கடைசியில் அவர் நிறத்துக்கே வந்து நின்றது.

மகள் என்னைத்தான் பார்த்தாள்.

“வேண்டாம் மச்சான், அவ கேட்டபடிதான் இருக்கும்” என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

“அப்போ வெளிய கொண்டு போவும். என் பட்டறைல விறகுக்கு இடமில்லை. நீரும் நல்லா யோசிச்சுட்டு வாரும்.”

கட்டையைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டேன். மச்சான் வாசல்வரை வந்து, கூட்டம் பார்க்கிறதே என்று பொரிப் பொட்டலத்தை நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“நீங்களே தின்னுங்க மாமா” என்றாள் மகள்.

மறுநாள் விஜயதசமி. வீட்டில் உட்கார்ந்து பாலிஷ் பேப்பரால் தேய்த்தேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை. மகள் அப்படியே எண்ணெய் போடச் சொன்னாள், போட்டேன். பட்டறையைத் திறந்திருந்தார்கள். நான் போகவில்லை.