எருமைக் காதில் வைத்த லைட்டர்

ஏரிக்கரைப் பூங்காவில் தோல் போர்த்திய எருமைச் சிலை வைக்கிறார்கள் என்றதுமே, அது ரெக்சினாகத்தான் இருக்கும் என்று முதலில் சொன்னவன் நான்.

இன்று சம்பந்தியோடு அங்கே நடக்கப் போனேன்.

"அசல் தோல் மாதிரி இருக்கே சம்பந்தி" என்றார்.

ஆம்பூர் ஷூக்களில் பாதிக்குத் தோலின் தரம் பார்த்துக் கொடுத்தவன் நான். லைட்டரை எடுத்து எருமையின் காதில் வைத்தேன். ரெக்சின் என்றால் பிளாஸ்டிக் நாறும்.

"இன்னா அங்கிள் பண்றீங்க?" என்று ஓடி வந்தாள், சிலையைச் செய்த பெண். "எங்கம்மா டேனரியில கேட்டு வாங்கியாந்த தோலு அது."

காது கருகிச் சுருங்கியிருந்தது. சம்பந்தி என்னையே பார்த்தார்.

"பிளாஸ்டிக் நாத்தம் வருதும்மா" என்றேன்.

"அப்ப எங்கம்மாவ ஏமாத்திட்டாங்களா?"

லைட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை அவளிடம் போகிறேன், துணைக்கு யார் வருகிறீர்கள்? பிளாஸ்டிக் நாற்றம் நானே கட்டிவிட்டது. வந்தது முடி கருகும் வாடை, அசல் தோல்தான்.