பாதி ஓடையில் நிறுத்திய கதை

போன திங்கட்கிழமை கடையைத் திறந்து, அம்மன் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் கதைப் புத்தக அலமாரியை அளந்துகொண்டிருக்கிறார். கையில் இன்ச் டேப்!

"என்னங்க செய்யுதீய?"

"ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்த நாவலெல்லாம் நகரலைன்னா, இங்கன கைடும் நோட்டும்தான். எவன் வாங்குதான் இதை?"

சங்கரன்கோவிலில், கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் புத்தகக் கடை. சாமி புத்தகம், பரீட்சை கைடு எல்லாம் தானாகவே போய்விடும். நாவல், சிறுகதை இருக்கும் அந்த ஒற்றை அலமாரி மட்டும் என் பிடிவாதம். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். மிச்சப் படிப்பை அந்த அலமாரியில்தான் படித்தேன். விட்டுவிட முடியுமா?

சும்மாவும் இருக்கவில்லை. பதிப்பகங்களில் அனுமதி கேட்டு, தினமும் காலையில் ஒரு புதுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறேன். மூன்று மாதமாக! ஹார்ட் போடுகிறார்கள், கும்பிடு போடுகிறார்கள். புத்தகம் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை.

அன்று மத்தியானம் மேலநீலிதநல்லூர் டீச்சர் ஒருவர் சிவப்புப் பேனா வாங்க வந்தார். என் ஸ்டேட்டஸைத் தவறாமல் பார்ப்பவர். விடுவேனா?

"டீச்சர், நேத்து போட்ட பக்கம் எப்படி?"

"ரொம்ப நல்லாருந்துச்சுக்கா. அண்ணன் தம்பி ராசியாகி ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்கள்லா... மனசு நிறைஞ்சுட்டு."

"அப்ப புத்தகம் ஒண்ணு எடுத்துத் தரட்டா?"

"அதான் நிறைஞ்சுட்டே! இன்னும் என்னத்துக்கு?"

பேனாவோடு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. போட்ட பக்கங்களை ஃபோனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கல்யாணம் கூடியது... காணாமல் போன மாடு வீடு திரும்பியது... கோர்ட்டில் நீதி கிடைத்தது... எல்லாம் சுபம்!

எங்கள் வீட்டில் பாராயணம் செய்யும்போது, துக்கமான இடத்தில் புத்தகத்தை மூடவே மாட்டோம். நேரமானாலும் நாலு பக்கம் கூடப் படித்து, நல்ல இடத்தில் நிறுத்தித்தான் கற்பூரம் காட்டுவோம். அந்தப் பழக்கத்தில் நாவல்களையும் அப்படியே செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு, "வாங்க, வாங்க" என்றால் யார் வருவார்கள்?

மறுநாள் துணிந்தேன். புது எழுத்தாளர் ஒருவரின் முதல் நாவல். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய், வெள்ளம் போகிற ஓடையில் இறங்குகிறாள். பாதி ஓடையில் பிள்ளையின் கை துவண்டு தொங்குகிறது — அங்கேயே நிறுத்தினேன். அம்மன் படத்தைப் பார்த்தேன். "தாயே, பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினேன்.

அரைமணி நேரத்தில் ஃபோன். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி.

"ஏம்மா, அந்தப் பிள்ள பொழைச்சுதா இல்லியா?"

"புத்தகம் கடையில இருக்கு அண்ணாச்சி."

"புத்தகம் கெடக்கட்டும். இங்கன நாலு பேரு ஏலத்தை விட்டுட்டு நிக்காவ. பொழைச்சுதா, அத மட்டும் சொல்லு!"

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"நீயெல்லாம் கோயிலுக்குப் போற பொம்பளதானா?"

மனசு வலித்தது. ஆனாலும் கடை மூடுகிற நேரத்தை மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன். சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிட்டார் அண்ணாச்சி! மண்டிக்காரர்களுக்கும் சேர்த்து மூன்று பிரதி வாங்கிக்கொண்டு, என்னை முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் சிவகிரியிலிருந்து இரண்டு பேர். அதே கேள்வி, அதே புத்தகம்.

"தபசுக்கு இன்னும் நாள் கெடக்கு, பாப்போம்" என்கிறார் வீட்டுக்காரர். பார்க்கட்டும். நானும் விடுவதாக இல்லை. நாளைக்குப் போட ஒரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன் — பாதி முகூர்த்தத்தில் மாப்பிள்ளையைக் காணோம்!

நேற்று சந்நிதியில் கேட்டுக்கொண்டேன்: "நடுவில் நிறுத்துகிற பாவம் என்னோடு இருக்கட்டும் தாயே. வாங்குகிறவர்கள் கடைசிப் பக்கம் வரை போய்ச் சேரட்டும்."

பிள்ளை பிழைத்ததா என்று நீங்களும்தானே கேட்கப் போகிறீர்கள்? கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும்.