பாலத்து இறக்கத்தில் வாய்க்கு வந்த வார்த்தை

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குப் போயிற்று. பத்திரிகையில் செய்தி எழுதிப் பழகியவன் நான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கடந்த தவக்காலத்தில் எங்கள் பழைய வேன் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சிட ஆரம்பித்தது. ஓட்டுவது என் மைத்துனன் தாஸ்.

“பெல்ட்டு மாமா. ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனா வாய மூடிக்கும்.”

“உன் வாய்க்கும் அதே வைத்தியம் பண்ணணும்டா,” என்றாள் அவன் அக்கா, என் மனைவி ரூத்.

ஊற்றினான். சத்தம் நின்றது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு செங்கல்பட்டிலிருந்து கோவளம் கோயிலுக்குக் கிளம்பினோம்.

அந்த வேனில் பவர் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் பலம் கொடுப்பது ஒரே எண்ணெய் பம்ப். பம்பைச் சுற்றுவது அந்த பெல்ட். கேளம்பாக்கம் தாண்டி, பாலத்து இறக்கத்தில் அது அறுந்தது.

“ஸ்டியரிங் கல்லு மாதிரி கீது மாமா!”

கீழே ஷேர் ஆட்டோ ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எதிரே பஸ். ஒதுங்க வழியில்லை. தாஸ் முன்பு லாரி ஓட்டியவன். பிரேக் பிடிக்காவிட்டால் விட்டு விட்டு மிதிப்பது அவன் பழக்கம். முதல் மிதியில் வேகம் கொஞ்சம் குறைந்தது. காலைத் தூக்கி மறுபடி மிதித்தான். ரூத் குழந்தையை அணைத்துக் குனிந்தாள்.

கர்த்தாவே, இவர்களைக் காப்பாற்றும். அவ்வளவுதான் ஜெபம்.

“கால எடுக்காதடா, அமுக்கிக்கினே இரு!” என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. எனக்கு வண்டி ஓட்டவே வராது.

தாஸ் எழுந்து நிற்பதுபோல் அழுத்தினான். வேன் ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. ஏறப்போன மீன்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, மேலயே ஏறிடுவ போல?”

பம்ப் நின்றாலும் சேர்த்து வைத்த அழுத்தம் ஓரிரு மிதிக்குத் தாங்கும், விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். தண்ணீர் சத்தத்தை மட்டும் அடக்கியிருந்தது. பெல்ட் நார்நாராகக் கிழிந்திருந்தது.

“உங்களுக்கு யாரு மாமா சொன்னாங்க?” என்று தாஸ் கேட்டான். நான் மேலே கையைக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

இப்போது மாதாமாதம் பெல்ட், எண்ணெய் மட்டம், குழாய்க் கசிவு மூன்றையும் பார்க்கிறோம். சத்தம் வந்தால் காரணம் தேடுகிறோம். அதையும் ஜெபத்தோடு செய்கிறோம்.

அன்று நல்ல வார்த்தைகள் தேட எனக்கு நேரமில்லை. வந்த வார்த்தையில் கூப்பிட்டேன், அவர் கேட்டார். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். ரூத்தும் குழந்தையும் பக்கத்து அறையில் தூங்குகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.