எதிர்வீட்டுக் காரின் ஏர் பம்ப்

போன வாரம் ஒரு பாவம் செய்துவிட்டேன். சின்ன பாவம்தான்... ஒரு காரின் பானெட்டுக்குள் அடங்கிவிடும். யாரிடமாவது சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வாராவாரம் என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்கிற உங்களை விட்டால் எனக்கு வேறு யார்?

எதிர் குவார்ட்டர்ஸ் சேகர் ஒரு ஜெர்மன் கார் வாங்கிவிட்டான். செகண்ட் ஹேண்ட்தான். இருந்தாலும் ஜெர்மன்!

எங்கள் நெய்வேலியில் பொறாமைப்படுவது அவ்வளவு சுலபமில்லை. ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே பெயிண்ட். யாருக்கு என்ன கிரேடு, யாருக்கு எப்போது பிரமோஷன் என்பதெல்லாம் பிளாக் முழுக்கத் தெரியும். சேகரும் நானும் ஒரே நாளில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர்கள். அவன் நிலக்கரி மைன்ஸ், நான் தெர்மல் பவர் ஸ்டேஷன். அவனிடம் இருப்பதெல்லாம் என்னிடமும் இருந்தது. வயிறு எரிய வழியில்லாமல் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் இந்தக் கார் வந்தது. கருநீலம். கதவைச் சாத்தினால் சத்தம்கூட பணக்காரத்தனமாக வருகிறது. அதற்கு எதிரே நிற்கும் என் பழைய சின்ன காரைப் பார்த்தால், அழுக்கு வேட்டியோடு கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கும். காலையில் ஜன்னலைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஒரே ஒரு ஆறுதல். முதல் ஷிப்டுக்குக் கிளம்ப சேகர் காலை ஐந்தரைக்கு காரை ஸ்டார்ட் செய்ததும் ‘ஊஊ...’ என்று ஒரு ஊளை கிளம்பும். ஒரு நிமிடம் தெருவே கேட்கும். பிறகு நின்றுவிடும். நான் பல் தேய்த்துக்கொண்டே அதை ரசிப்பேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், ஷிப்ட் முடிந்து காரில் வந்து இறங்கிய கையோடு, சேகர் என் வாசலில் வந்து நின்றான்.

“ரவி, டேஷ்போர்டுல மஞ்சள் லைட் எரியுதுப்பா. நேத்து பண்ருட்டில ஸ்கேனர் வச்சுப் பார்த்தாங்க. செகண்டரி ஏர் பத்தலைன்னு காட்டுதாம். பாய்லர்ல உன் வேலையே அதானே? கொஞ்சம் வந்து பாரேன்.”

செகண்டரி ஏர்! ஷிப்ட் தவறாமல் நான் கட்டிக்கொண்டு அழுவதே அதைத்தான். பாய்லரில் லிக்னைட் கரி முழுசாக எரிய வேண்டுமென்றால் தனியாக ஒரு ஃபேன் வைத்துக் கூடுதல் காற்று ஊத வேண்டும். அந்தக் காரிலும் ஏறக்குறைய அதே கதை. எஞ்சினில் எரியாமல் மிஞ்சுகிற பெட்ரோல் புகையோடு வெளியே போய்விடாமல், புகை போகிற வழியில் ஒரு சின்ன பம்ப் காற்றை ஊதி அதையும் எரித்துவிடும்.

பானெட்டைத் திறந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பம்பின் மேல் கை வைத்தேன். அதிர்வு இல்லை. சத்தம் இல்லை. எங்கள் பாய்லரில் தீ இருக்கும்வரை அந்த ஃபேன் சுற்றியாக வேண்டும். நின்றால் கண்ட்ரோல் ரூமே அலறும். இங்கே எஞ்சின் ஓடுகிறது, பம்ப் நிற்கிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது?

“பம்ப் செத்துப் போச்சு சேகர்” என்றேன், குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு. “பழைய ஜெர்மன் வண்டி... இது ஆரம்பம்தான். ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு போகும்.”

அவன் அந்த மஞ்சள் லைட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டான். மீதியை நானாகச் சேர்த்தேன்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. சேகர் காரை விற்கிறான். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறார். அன்றைக்கு என் மனைவி கலா வைத்த ரசம் அப்படி ருசித்தது!

சாப்பிட்டுவிட்டு, போனில் அந்தப் பம்பைப் பற்றித் தேடினேன். எதற்கு? நான் சொன்னது எவ்வளவு சரி என்று படித்துச் சந்தோஷப்படத்தான். அங்கேதான் விழுந்தது அடி. அந்தப் பம்ப் எப்போதும் ஓடாதாம். ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம்... அவ்வளவுதான். பிறகு தானாக நின்றுவிடுமாம். நிற்கத்தான் வேண்டுமாம்.

அப்படியென்றால் அந்தக் காலை ஊளை? அதுதான் பம்ப்! தினமும் காது குளிரக் கேட்டுவிட்டு, சூடான எஞ்சினில் கை வைத்துப் பார்த்து, செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். பம்ப் ஓடியும் காற்று பத்தவில்லை என்றால் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும், அப்புறம் வால்வைப் பார்க்க வேண்டும். குழாய் என்றால் அரை மணி நேர வேலை.

தெருவைக் கடந்து போய்ச் சொன்னால் போதும். சொன்னேனா? வியாழன் சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை. கார் போனால் போகட்டுமே, பழையபடி இரண்டு பேரும் சமமாகிவிடுவோமே... நான் என்ன பொய்யா சொன்னேன், அப்போது தெரிந்ததைத்தானே சொன்னேன்? எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சேகரின் மனைவி மல்லிகா ஒரு டப்பா நிறைய பலாச்சுளையோடு வந்தாள். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி. மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“நீங்க பார்த்துச் சொன்னீங்களோ, தப்பிச்சோம்ண்ணே. இல்லாங்காட்டி இன்னும் எவ்ளோ செலவு வச்சிருக்குமோ. அவருதான் ரெண்டு நாளா சரியா சாப்புடல. சும்மா சும்மா போயி வண்டியத் தொடச்சிக்கினே நிக்கறாரு. சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வண்டியாம்.”

எனக்கு நன்றி சொல்லத்தான் அந்தப் பலாச்சுளை!

“ஏங்க, எடுத்துக்கலையா?” என்றாள் கலா. பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு சேகர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “எஞ்சின் ஆறியிருக்கும் இல்ல? மல்லிகாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. நீ பானெட் பக்கம் வா.”

ஒன்றும் புரியாமல் வந்தான். மல்லிகா சாவியைத் திருப்பியதும் ஊளை கிளம்பியது. பாய்லரில் காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க நாங்கள் ஒரு காகிதத் துண்டைக் காட்டுவோம். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பம்பிலிருந்து போகிற குழாயை ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். அடிப்பக்க வளைவில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. விரல் நீளத்துக்கு வெடிப்பு. போய்ச் சேர வேண்டிய காற்றெல்லாம் அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது.

“பம்ப் நல்லாத்தான் இருக்குடா. குழாய்தான் போயிருக்கு. அதை மாத்திட்டா லைட் அணைஞ்சிடும். நான் சொன்னது தப்பு.”

சேகர் அங்கேயே போனை எடுத்தான். “வர வேணாங்க. வண்டி குடுக்கறதா இல்ல” என்று முந்திரி வியாபாரியிடம் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான்.

“இது எப்பத் தெரிஞ்சது உனக்கு?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

“வியாழக்கிழமை.”

“இன்னிக்கு ஞாயிறு.”

“ஆமா. போய்த் தொலையட்டும்னு இருந்தேன். பொறாமைடா... வேற என்ன?”

மல்லிகா எஞ்சினை அணைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் உள்ளே போனாள். சேகர் அந்த வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றான். இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். விட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“குழாய் மாத்தினதும் மொத ரவுண்டு நீதான் ஓட்டுற” என்றான். “கலாவையும் கூட்டிட்டு வா. கடலூர் வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

இந்தப் புதன்கிழமை குழாய் மாற்றியாயிற்று. லைட் அணைந்தது. சொன்னபடியே என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தான். ஓட்டினேன். என்ன வண்டி சார் அது! பக்கத்து சீட்டில் சேகர் பழையபடி கதை பேசிக்கொண்டு வந்தான். குத்திக்காட்டி ஒரு வார்த்தை இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனா? யோசித்துப் பார்த்தேன்... சத்தியமாக மாட்டேன்.

இத்தனை நாள் அவன் காரைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது ஆளைப் பார்த்தாலே எரிகிறது.