மோகன் வாங்கி வந்த ஒயின்

நண்பர்களே, நாம் கொண்டுபோகும் ஒயினைத் திறக்க விடுகிற ஹோட்டல் ஒன்று கோயமுத்தூரில் கிடைத்துவிட்டது.

பாட்டில் மோகன் பிரான்சிலிருந்து வாங்கி வந்தது. போன மாதம் அன்னூர் ரோட்டில் பைக்கோடு விழுந்து அவன் இறந்த பிறகு, அவன் மனைவி கோகிலா அதை என்னிடம் கொடுத்தாள்.

"உங்க மூணு பேரோட குடிக்கோணும்னு வெச்சிருந்தாருங்ணா. இனி எங்கூட்டுல வேண்டாமுங்க."

இன்று மாலை நானும் சேகரும் ஜெயராஜும் கிளம்பினோம். மூன்று இடங்களில், "ஃபேமிலி வர்ற ஹோட்டலுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பீளமேட்டில் ஒரு சின்ன ஹோட்டல்காரர் மட்டும், "மாடி ரூம்ல உக்காந்துக்கங்க, டம்ளர் குடுத்துடறனுங்க" என்றார்.

பிறகு மாடிக்கு வந்து டம்ளர்களை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "வண்டிச் சாவியக் குடுத்துப்போடுங்க. காத்தால வந்து வாங்கிக்கலாம். ஆட்டோ நான் புடிச்சுத் தாரேன்."

சேகர் கொடுத்தான். ஜெயராஜும் கொடுத்தான். என் கை பாக்கெட்டை விட்டு வரவில்லை.

"ஏனுங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கடைசி நாள் மோகன் என் அறையில்தான் குடித்தான். தள்ளாடிக்கொண்டே சாவியைத் தேடினான். கட்டிலுக்கடியில் கிடந்ததை எடுத்து அவன் கையில் கொடுத்தவன் நான்.

சாப்பிடாமலே இறங்கி வந்து, பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் குழுவுக்கு இதை எழுதுகிறேன். ஹோட்டல் பெயர் கேட்டு யாரும் எழுத வேண்டாம். கோகிலாவிடம் இதைச் சொல்ல என்னோடு யார் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.